ஆவுடையப்பன் பெயரில் என் எண்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் இட்லிக்கு உட்காரும்போது குறுஞ்செய்தி வந்தது. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் என் சிம்மை 4ஜிக்கு மாற்றிக்கொள்ள வேண்டுமாம். மாற்றாவிட்டால் சேவை நிறுத்தப்படுமாம். கடைசியில் "நன்றி" வேறு. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறவன் நன்றி சொல்வதை இரண்டாம் முறையாகப் பார்க்கிறேன். ஒன்பது வருஷம் தற்காலிக ஆசிரியராக உழைத்த பள்ளி, நிரந்தர இடத்தை நிர்வாகியின் சம்பந்தி மகனுக்குக் கொடுத்துவிட்டு எனக்கு அனுப்பிய கடிதமும் நன்றியில்தான் முடிந்தது. அந்தக் கடிதம் பத்திரமாக இருக்கிறது.

என்னிடம் இருப்பது பட்டன் ஃபோன். பேசலாம், கேட்கலாம். அதற்கு மேல் ஒரு தொலைபேசி என்ன செய்ய வேண்டும் என்று யாராவது எனக்கு விளக்கினால் நல்லது.

"ஒரு டச் ஃபோன்தான் வாங்குங்களேன். ஊரே வச்சிருக்கு. ஒங்களுக்கு என்ன கொறச்சல்?" என்றாள் செண்பகம். என் மனைவி.

"குறைச்சல் இல்லாததுனாலதான் வேண்டாங்கேன்."

அவளிடம் ஒன்று இருக்கிறது. அதை மொட்டைமாடிக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பேசுவாள். யாரிடம் என்று நான் கேட்பதில்லை.

என் எண் பத்தொன்பது வருஷத்து எண். தென்காசியில் மூன்று சுவர்களில் அது பெயின்ட்டில் இருக்கிறது: "கோமதிநாயகம் எம்.எஸ்ஸி., எம்.ஃபில்., கணிதப் பயிற்சி." எண் போனால் சுவர் வீண். என் கவலை அவ்வளவுதான்.

பதிவுக்காக இன்னொன்றும் எழுதிவைக்கிறேன். வருஷத்துக்கு இரண்டு முறை, தீபாவளியன்றும் என் பிறந்தநாளான ஜூலை ஆறாம் தேதியும், ஓசூரில் இருக்கும் என் மகள் சுபத்ரா இந்த எண்ணுக்கு அழைப்பாள். நான் எடுப்பதில்லை. துண்டிப்பதும் இல்லை. முழுதாக அடித்து ஓயும்வரை பக்கத்திலேயே வைத்திருப்பேன். ஆறு வருஷமாக இதுதான் வழக்கம். அதற்கும் சிம்முக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஜூன் 5, வியாழன்

மறுபடியும் அதே செய்தி. "முடியாது" என்று பதில் அனுப்பினேன். இந்த எண்ணுக்குப் பதில் அனுப்ப இயலாது என்று வந்தது.

ஜூன் 8, ஞாயிறு

பத்தாம் வகுப்பு ராமலட்சுமியின் தாய் வந்திருந்தார்.

"சார், நடத்துன கணக்க ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்புல போட்டுவிடுங்க. அந்த அகாடமில எல்லாம் போடுதாங்க."

"நான் போர்டுல போடுதேனே, பாக்கலியா?"

"போர்ட வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா சார்?"

எம்.ஃபில். படித்தவனைப் பத்தாம் வகுப்புக்காரியின் தாய் ஒரே வரியில் மடக்கினார். அவர் சொன்ன அகாடமியை நடத்துகிறவன் என்னிடம் படித்தவன். என் நோட்டுகளை நகலெடுத்து வைத்துக்கொண்டுதான் கடை திறந்தான். இந்த வருஷம் என்னிடமிருந்து நான்கு பிள்ளைகள் அங்கே போயிருக்கிறார்கள்.

சரி. வாங்குகிறேன். பட்டன் ஃபோனிலேயே 4ஜி இருக்கிறதாம், அதை வாங்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். இப்போது டச் ஃபோனே வாங்கப்போகிறேன். அவனால் முடிவது என்னாலும் முடியும் என்று காட்டுவதற்காக.

ஜூன் 10, செவ்வாய்

டியூஷனில் வகுத்தலுக்குப் பதிலாக ரீசார்ஜ் திட்டங்களைப் போர்டில் எழுதினேன். எந்தத் திட்டத்தை எடுத்தாலும் மாதம் என்பது இருபத்தெட்டு நாள். முந்நூற்று அறுபத்தைந்தை இருபத்தெட்டால் வகுத்தால் பதின்மூன்றும் சொச்சமும். அதாவது பன்னிரண்டு மாத வருஷத்தில் பதின்மூன்று முறை நம்மிடம் வாங்குகிறார்கள். பிப்ரவரியை மட்டுமே அடுக்கி ஒரு வருஷம் கட்டியிருக்கிறார்கள். நாடே அதில் குடியிருக்கிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ராமலட்சுமி கையைத் தூக்கினாள். "சார், அப்ப நாங்க குடுக்குற ஃபீஸும் இருபத்தெட்டு நாளைக்கா?"

வகுப்பே சிரித்தது. நானும் கொஞ்சம். எண்பத்து நான்கு நாள் திட்டம் ஒரு நாளைக்கு ஆகும் செலவில் குறைவு என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது அது அல்ல.

ஜூன் 12, வியாழன்

மைதீன் பிச்சையின் கடைக்குப் போனேன். புது பஸ் ஸ்டாண்ட் எதிரே.

"சார் வாங்க! யாருக்கு சார் ஃபோனு, மகளுக்கா?"

"எனக்கு."

மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பிறகு வரிசையாக எடுத்துப் பரப்பினார். இது கேமராவுக்குப் பேர்போனது, இது கேமுக்கு, இது பாட்டுக்கு.

"நான் கல்யாண வீட்டுக்குப் படமெடுக்கப் போகல. வேண்டாத சமாச்சாரத்தையெல்லாம் எடுத்துட்டு விலையக் குறைக்க முடியுமா?"

"இது என்ன ஊத்தப்பமா சார், வெங்காயம் இல்லாமப் போட்டுக் குடுக்கதுக்கு?"

ஒரு மணி நேரம் நின்றேன். கடை வாசலில் விலை எழுதியிருந்த போர்டை ஒரு முறை படமெடுத்துப் பார்த்தேன். சாக்பீஸ் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. இரண்டு நாள் சார்ஜ் நிற்கும் என்றார். எழுத்தைப் பெரிதாக்கினால் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது. போன வருஷத்து மாடல், அதனால் மலிவு. போன வருஷத்து மாடலுக்கு என்ன குறை? நானும்தான் போன நூற்றாண்டு. எடுத்துக்கொண்டேன். எண்பத்து நான்கு நாள் திட்டம் என்றதும், "கணக்கு வாத்தியாருல்லா" என்றார்.

அதற்குப் பிறகுதான் வினை. சிம்மை மாற்றக் கைரேகை மிஷினில் பெருவிரலை வைக்கச் சொன்னார். வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தேன். மறுபடியும் சிவப்பு.

"சார், இந்த சிம் ஒங்க பேர்ல இல்லையே."

"வேற யாரு பேர்ல இருக்கும்? பத்தொன்பது வருஷமா என் பையிலதான் கெடக்கு."

திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார். "ஆவுடையப்பன்னு காட்டுது. யாரு சார் அது?"

"யாருமில்ல" என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

ஆவுடையப்பன் செண்பகத்தின் தம்பி. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். அவனோடு நான் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

நேற்று முழுக்க யோசித்து ஞாபகத்துக்குக் கொண்டுவந்தேன். 2006. தென்காசிக்குக் குடிவந்த புதிது. ரேஷன் கார்டு அம்பாசமுத்திரத்து விலாசத்திலேயே இருந்தது. முகவரிச் சான்று இல்லாமல் சிம் கிடையாது என்றார்கள். கூட வந்தவன் தன் டிரைவிங் லைசென்ஸ் நகலை எடுத்து நீட்டினான். "நம்ம ரெண்டு பேருல யாரு பேர்ல இருந்தா என்ன அத்தான்?" அன்றைக்கு அது பெரிய மனசாகத் தெரிந்தது.

பதின்மூன்று வருஷம் கழித்து அதே கை இன்னொரு இடத்தில் கையெழுத்துப் போட்டது. சுபத்ரா தன்னோடு வேலை பார்த்த ஜெபசிங்கை ஓசூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சாட்சி, தாய்மாமன் ஆவுடையப்பன். எனக்கு மறுநாள் காலை காபியோடு செய்தி வந்தது. ஒரு தகப்பனாக என்னிடம் கேட்கப்படவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேனா என்பது வேறு வினா. அந்த வினாவே தாளில் இல்லை.

ஆக, என் எண்ணும் அவன் கையெழுத்து. என் மகள் கல்யாணமும் அவன் கையெழுத்து.

ஜூன் 14, சனி

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்து, சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நேரில் வந்து கைரேகை வைக்கவேண்டும் என்றாள். அவர் இறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். இறந்துவிட்டாரா சார் என்றாள். இன்னும் இல்லை என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

செண்பகத்திடம் சொல்லவேண்டியதாயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தது கேட்டது.

"தம்பிட்ட சொன்னா ஒரு நிமிசத்துல வந்து வெரல வச்சுட்டுப் போவான்."

"சொல்லக்கூடாது."

"அப்ப நம்பர விட்டுருங்க. செவத்துல வேற எழுதிக்கிடலாம்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "செவத்துக்காகத்தான முழிக்கிய?" என்று கேட்டாள்.

"சுவருக்காகத்தான்" என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

சொல்லக்கூடாது என்றதைச் சொல்லியிருக்கிறாள்.

வேறு வழி ஏதாவது உண்டா என்று கேட்க மைதீன் பிச்சையின் கடைக்குப் போனேன். உள்ளே ஸ்டூலில் ஆவுடையப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"வாங்க அத்தான்."

நான் மைதீன் பிச்சையைப் பார்த்து, "ஆள் இருக்குன்னா நான் அப்புறம் வாரேன்" என்றேன்.

"நான் ஆளு இல்ல அத்தான். ஒங்க சிம்முக்கு ஓனர்."

மைதீன் பிச்சை சிரிப்பை அடக்கத் தன் டீயை அவசரமாகக் குடித்து வாயைச் சுட்டுக்கொண்டார்.

"வெரலத் தொடச்சுட்டுதான் உக்காந்திருக்கேன்" என்றான் ஆவுடையப்பன். "ஒரு நிமிச வேல. ஆனா ஒங்க வாயால நீங்க கேக்கணும். 'ஆவுடையப்பா, இதச் செஞ்சு குடு'ன்னு. அம்புட்டுதான்."

"எதுக்குக் கேக்கணும்? நம்பர் என்னோடது."

"நம்பர் ஒங்களோடது, பேரு என்னோடது. சுபத்ரா கதையும் அதான அத்தான்? இன்சியல் ஒங்களோடது, வாழ்க்க அவளோடது."

"அவ என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

"கேட்டிருந்தா கேட்டிருப்பியளா?"

ஒரே வினைச்சொல்லை இரண்டு பொருளில் வைத்து என் வாயை அடைத்தான். கரண்டு கம்பத்தில் ஏறுகிறவனுக்குச் சிலேடை வருகிறது.

"கேக்கது எவ்வளவு கஷ்டம்னு நீங்களும் ஒரு தடவ பாத்துக்கிடணும்லா, அதுக்குத்தான் சொல்லுதேன்" என்றான். "அவ மூணு மாசம் என்கிட்ட வந்து அழுதா. 'அப்பாட்ட எப்படி மாமா கேப்பேன்'னு. கடைசிவர அவளால முடியல."

இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

நான் மைதீன் பிச்சையிடம் சொன்னேன்: "புது சிம் ஒண்ணு குடுங்க. என் பேர்ல."

"முப்பதாந்தேதி வர டைம் இருக்கே சார். யோசிச்சு..."

"இப்பவே."

ஆவுடையப்பன் எழுந்துவிட்டான். முகம் மாறிவிட்டது. "அத்தான், வெளாட்டுக்குச் சொன்னேன். ஒண்ணும் கேக்க வேண்டாம். கொண்டாங்க மிஷின, நான் வச்சுட்டுப் போயிருதேன். அந்த நம்பருக்குத்தான அவ..."

"உன் விரல் எனக்கு வேண்டாம்."

பெருவிரலை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. ஐம்பத்து நான்கு வயதில் முதன்முதலாக என் பெயரில் ஓர் எண். வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியில் பழச்சாறு குடித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

பெயின்டரைக் கூப்பிடவில்லை. நானே வெள்ளையும் கறுப்பும் வாங்கிக்கொண்டு போய் மூன்று சுவர்களிலும் பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதினேன். பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதும்போது அகாடமிக்காரன் பைக்கில் போனான். "சார், நீங்களேவா?" என்று நிறுத்தினான். நானேதான் என்றேன். எட்டு என்ற எண் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. இருக்கட்டும்.

ஜூன் 24, செவ்வாய்

டியூஷன் குரூப் ஆரம்பித்தாயிற்று. பத்தொன்பது பேர். முதல் செய்தியாக நேற்றைய கணக்கைப் படமெடுத்துப் போட்டேன். பதினேழு பேர் கட்டைவிரல் அனுப்பினார்கள். ஒருவர் சூரியகாந்திப் பூ. யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

வங்கி, காஸ், இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் புது எண்ணைக் கொடுத்துவிட்டேன்.

"எல்லாத்துக்கும் சொல்லியாச்சா?" என்றாள் செண்பகம்.

"எல்லாருக்கும்."

"எல்லாருக்குமா?"

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 26, வியாழன்

இரவுச் சாப்பாட்டில், பேச்சுவாக்கில், அவளுக்குத் தோன்றினால் மொட்டைமாடிப் பேச்சில் என் புது எண்ணையும் சொல்லிவைக்கலாம் என்றேன். எனக்காக அல்ல. ஜூலை ஆறாம் தேதி அந்தப் பிள்ளை பழைய எண்ணுக்கு அழைத்து, அப்படி ஓர் எண்ணே இல்லை என்று கேட்டால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரி, அது இது என்று வீண் அலைச்சல்.

செண்பகம் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"நான் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"ஆறு வருசமா அங்க ஒரு பேச்சு, இங்க ஒரு பேச்சுன்னு மாடிப்படி ஏறி எறங்கி என் முட்டிதான் தேஞ்சுது. தம்பிட்டயும் சொல்லிட்டேன், நீயும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு. அவளே கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"ஒரு நம்பர்தானே செண்பகம்?"

"ஒரு நம்பர்தான? நீங்களே சொல்லுங்க."

முப்பது வருஷத்தில் அவள் என்னை எதிர்த்துப் பேசியதை விரல்விட்டு எண்ணலாம். மோர் ஊற்றாமலே எழுந்து போய்விட்டாள்.

ஜூன் 28, சனி

சுபத்ராவின் எண்ணைப் புது ஃபோனில் சேமித்தேன். எழுதிவைத்ததைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை, அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் எந்த எண்ணும் மனப்பாடம் ஆகும்.

சேமித்ததும் வாட்ஸ்அப்பில் அவள் படம் தானாக வந்து நின்றது. கையில் தேநீர்க் கோப்பை, எதற்கோ சிரிக்கிறாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருக்கிறாள். இதற்கும் யாரிடமும் கேட்டிருக்கமாட்டாள்.

நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

"இது எனது புதிய எண். கோமதிநாயகம்." எழுதினேன், அழித்தேன். "உன் தகவலுக்காக." அழித்தேன். செய்தியாக அனுப்பினால் பார்த்தாளா இல்லையா என்று நீலக் குறியைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். யாருக்காகவும் அப்படிக் காத்திருப்பவன் நான் அல்ல.

ஜூன் 30, திங்கள்

பழைய சிம்முக்கு இன்று கடைசி நாள். காலை பதினொரு மணிக்கு அழைத்தேன். புது எண்ணிலிருந்து. செண்பகம் காய்கறி வாங்கப் போயிருந்தாள்.

ஏன் அழைத்தேன் என்பதைத் தெளிவாக எழுதிவைக்க விரும்புகிறேன். ஆவுடையப்பன் விரல் இல்லாமல், செண்பகத்தின் வாய் இல்லாமல், என் காரியத்தை நானே செய்துகொள்ள முடியும் என்று காட்டுவதற்காக. வேறு காரணம் இல்லை.

மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"ஹலோ, யாருங்க?"

குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது. அவள் அம்மாவின் குரல் மாதிரி.

"கோமதிநாயகம் பேசுதேன்."

அந்தப் பக்கம் ஏதோ மிஷின் ஓடும் சத்தம். பிறகு கதவு சாத்தும் சத்தம், மிஷின் சத்தம் அடங்கியது.

"அப்பா?"

"நம்பர் மாறியிருக்கு. எழுதிக்கோ."

"ஸ்க்ரீன்லயே தெரியுதுப்பா. சேவ் பண்ணிக்..."

உடனே நிறுத்திக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள். "இல்ல. சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்."

சொன்னேன். இரண்டிரண்டு எண்ணாக, வகுப்பில் சொல்வதுபோல. அவள் திருப்பிச் சொன்னாள். ஏழாவது எண்ணைத் தவறாகச் சொன்னாள்.

"எட்டு. மூணு இல்ல, எட்டு."

"எட்டா? சரிப்பா. மொதல்லேந்து சொல்லுங்க."

முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை நாலாவதைத் தவறவிட்டாள். பேனா எழுதவில்லை என்றாள், வேறு பேனா எடுத்துக்கொண்டு வந்தாள். மறுபடியும் சொன்னேன். இரண்டையும் ஐந்தையும் மாற்றிச் சொன்னாள். நடுவில் குரல் உடைந்தது, இருமல் என்றாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு வாங்கியவள். ஐந்து வயதில் பஸ் நம்பரெல்லாம் மனப்பாடமாகச் சொன்னவள். பத்து எண்களை அவளால் எழுத முடியவில்லை.

எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. வாத்தியார் வேலையே அதுதான். எதிரே இருப்பவருக்குப் புரியும்வரை சொல்வது. நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நான்காவது முறையாக, முதல் எண்ணிலிருந்து ஆரம்பித்தேன்.